பாசிக்கல் வண்டி

கடலை பறிக்கிற நாளில் செவந்தி செடியின் பச்சையைப் பார்த்து ஏமாற மாட்டாள். கொத்தைப் பிடித்து இழுப்பாள், மண்ணை உதறுவாள், வேரில் தொங்கும் காய்களில் ஒன்றைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு அழுத்து அழுத்துவாள். உள்ளே பருப்பு இருந்தால் விரலை எதிர்த்து நிற்கும். இல்லாவிட்டால் ஓடு ‘பொக்’கென்று அமுங்கிப்போகும். மூன்று வருஷமாக அந்தக் கொல்லையில் அவள் விரலுக்குக் கிடைத்ததெல்லாம் பொக்குதான்.

தாது வருஷம் ஐப்பசி அது. இரண்டு மழை விழுந்து மண் இளகியிருந்தது. ஆலங்குடிக்குத் தெற்கே ஒன்றரை மைல் தள்ளி, முந்திரிக்காடு முடிகிற இடத்தில் இருந்தது அந்த மேட்டுக்கொல்லை. மாமனார் மூக்கன் செத்தபிறகு பாகம் பிரித்தபோது அவள் புருஷன் ஆண்டிச்சாமிக்கு வந்தது அதுதான். கிணற்றடி வயலும் தென்னையும் மூத்தவர் மலையாண்டிக்குப் போயின. அளவில் சின்னவனுக்குத்தான் கூடுதல் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். அளவில் கூடுதல்தான். செடியும் தளதளவென்றுதான் வளர்ந்தது. பூ பூத்தது, பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கியது. மண்ணுக்குள் போய் என்ன ஆயிற்றோ, ஓடு மட்டும் கட்டியது, பருப்பு கட்டவில்லை.

அன்றைக்கு ஆண்டிச்சாமி மேற்கு வரப்பிலிருந்து பறித்துக்கொண்டு வந்தான். செவந்தி வடகிழக்கு மூலையில், வண்டிப்பாதை ஓரமாகத் தொடங்கினாள். முதல் கொத்தை இழுத்ததுமே கைக்கு ஏதோ வித்தியாசம் தெரிந்தது. கனம். காயை அழுத்தினாள். அமுங்கவில்லை. இன்னொன்று. அதுவும் அமுங்கவில்லை. உடைத்துப் பார்த்தாள். சிவந்த தோலோடு இரண்டு பருப்பு, இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு கிடந்தன.

அடுத்தடுத்து இருபது செடிகளைப் பிடுங்கிவிட்டாள். எல்லாம் நிறைகாய். இருபத்தோராவது செடி நாலு முழம் தள்ளி இருந்தது. அதில் பழையபடி பொக்கு.

செவந்தி குந்தி உட்கார்ந்து அந்த மூலை மண்ணைக் கையால் கிளறினாள். செம்மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் வந்தன. சில சுண்டுவிரல் நுனி போல, சில முடிச்சு முடிச்சாகச் சின்ன இஞ்சி போல. நசுக்கினால் மாவாகின. அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கடற்கரையிலிருந்து சுண்ணாம்புச் சூளைக்குக் கல் ஏற்றிக்கொண்டு போன வண்டி ஒன்று அந்த இடத்தில் அச்சு முறிந்து சாய்ந்தது. வண்டிக்காரன் பாரத்தை அங்கேயே கொட்டிவிட்டு, வெற்றுவண்டியை இழுத்துக்கொண்டு போனான். திரும்பி வரவேயில்லை. மழைக்காலத்தில் பாதை சேறாகும்போதெல்லாம் செவந்திதான் அந்தக் கல்லை அள்ளிப் போட்டு மிதித்துவிடுவாள். மிச்சத்தை இந்த வருஷ உழவில்தான் ஏர் இழுத்துக் கொல்லைக்குள் கலந்துவிட்டது.

“ஏங்க, சித்த இங்கிட்டு வாங்களேன்” என்று கூப்பிட்டாள்.

ஆண்டிச்சாமி வந்து காயை வாங்கிப் பார்த்தான். உடைத்து வாயில் போட்டு மென்றான். அவனுக்கு எதையும் சட்டென்று சொல்லிப் பழக்கமில்லை.

“நல்லாத்தான் இருக்கு” என்றான்.

“மூலை முச்சூடும் இப்புடித்தாங்க இருக்கு. கல்லு கெடந்த எடம் மட்டும்.”

“ஒரு மூலை வெளஞ்சா வயிறு நெறையுமா புள்ள? நான் கங்காணிகிட்ட சொல்லிட்டேன். தையில கப்பலு.”

மலாயாவில் ரப்பர் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி புரட்டாசியிலேயே வந்து போயிருந்தார். பக்கத்து ஊரில் ஐந்து பேர் தயாராக இருந்தார்கள். ஆண்டிச்சாமி ஆறாவது. போனவர்களில் சிலர் வந்தார்கள். சிலருக்குக் கடுதாசி வந்தது. சிலருக்கு அதுவும் இல்லை. ஐந்து வயது மகள் பிரகதாம்பாளை வைத்துக்கொண்டு, பொக்கு விளையும் கொல்லையில் தான் மட்டும் நிற்பதைச் செவந்தி பல நாள் நினைத்துப் பார்த்திருந்தாள்.

“ஒரே ஒரு வெள்ளாமை” என்றாள். “அந்தக் கல்லக் கொண்டாந்து கொல்லை பூராப் போட்டுப் பாப்போம். அடுத்த ஐப்பசியிலயும் பொக்குன்னா நானே ஒங்களுக்குக் கட்டுச்சோறு கட்டி அனுப்புறேன்.”

“கல்லு எங்கிட்டு இருக்கு? கடக்கரையில. போக வண்டி வேணும். மாடு வேணும். நம்மகிட்ட ஒத்த மாடுதான் இருக்கு.”

“ஒங்க அண்ணன்கிட்ட இருக்குல்ல.”

ஆண்டிச்சாமி திரும்பிப் போய்த் தன் வரிசையில் குனிந்துகொண்டான். பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணன் வீட்டு வாசலை அவன் மிதித்ததில்லை. சண்டை எதுவும் போட்டதும் இல்லை. வழியில் பார்த்தால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போவான். என்ன காரணம் என்று செவந்தி கேட்டால், “ஒண்ணுமில்ல” என்பான். அந்த ஒண்ணுமில்லையோடு அவள் மூன்று வருஷம் குடித்தனம் பண்ணிவிட்டாள்.

சாயங்காலம் கூடை தூக்கும்போது, “கங்காணி அடுத்த வருசமும் வருவாரு” என்று மட்டும் சொன்னான். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடைமழை ஓய்ந்து, மார்கழி கழிந்து, தை பிறந்தது. ஐந்து பேர் கப்பலுக்குப் போனார்கள். ஆண்டிச்சாமி போகவில்லை. பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் செவந்தி மூத்தார் வீட்டுக்குப் போனாள். மலையாண்டி தொழுவத்தில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை கரைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மூக்காயிதான் முதலில் பார்த்தாள்.

“அடி ஆத்தாடி, செவந்தியா? வழி தெரிஞ்சு போச்சா ஒனக்கு?”

“தெரியாமத்தான் மூணு வருசம் சுத்திக்கிட்டு இருந்தேன்க்கா.”

மூக்காயி சிரித்துவிட்டாள். மோர் கொடுத்தாள். செவந்தி மடியிலிருந்து ஒரு பிடி நிறைகாயை எடுத்து முறத்தில் போட்டு, விஷயத்தைச் சொன்னாள். மலையாண்டி கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு காயை எடுத்தார். உடைத்தார். ரொம்ப நேரம் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார்.

“எந்தக் கொல்லையில?” என்று கேட்டார்.

“மேட்டுக்கொல்லையிலதான், அத்தான்.”

“மேட்டுக்கொல்லையிலயா?”

“ஆமா. வண்டி கவுந்த மூலையில.”

மலையாண்டி காயை முறத்தில் திருப்பி வைத்தார். அவர் முகத்தில் என்ன ஓடியதென்று செவந்திக்குத் தெரியவில்லை. வண்டி கேட்டால் தயங்குவார், ஆயிரம் சாக்குச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். அவரோ, “நாளான்னிக்கு வெள்ளன கெளம்புவோம். நானே ஓட்டுறேன்” என்றார்.

“நீங்களா?” என்றாள் மூக்காயி. “அப்ப நானும் வாரேன். கருவாடு வாங்கி எத்தன நாளாச்சு. அதுவுமில்லாம மூத்தாரோட தனியாப் போனாள்னு நாளைக்கு எவளாவது இவளப் பேசக் கூடாது பாருங்க.”

வைக்கோல் ஆறு கட்டு, தேங்காய் ஐம்பது, மூத்தார் வீட்டுக் கடலை இரண்டு மூட்டை. கடற்கரையில் இவற்றுக்குக் கிராக்கி. ஆண்டிச்சாமி வைக்கோலை ஏற்றிக் கட்டிக் கொடுத்தான். அண்ணன் வண்டியின் முன்பக்கம் மூக்கணையில் ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பக்கம் போய்ச் சக்கரத்தின் கடையாணியைத் தட்டிப் பார்த்தான். பேசவில்லை. மகள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் நாள் அறந்தாங்கியில் சத்திரத்தில் தங்கினார்கள். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் காற்று மாறியது. செம்மண் முடிந்து சாம்பல் நிறத்தில் உவர்நிலம் வந்தது. பனைமரம் தவிர வேறு நிழல் இல்லை. மூக்காயி வழிநெடுக வாளைக் கருவாட்டுக்கும் நெத்திலிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக்கொண்டு வந்தவள், கடல் வாடை வந்ததும் பேச்சை நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள்.

ஜெகதாப்பட்டினத்துக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு குடிசைகள் உள்ள ஒரு குப்பத்தில், சூளைப் புகை தெரிந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். பிச்சை என்பவர் வீடு அது. ஐம்பது வயதிருக்கும். வருஷக்கணக்காக மூழ்கி மூழ்கி ஒரு காது அடைத்துப்போனவர். பேசுகிறவர்களுக்கு வலது காதைத் திருப்பிக் கொடுத்துக் கேட்டார். கடலில் போவது அவர் வேலை. கரையில் கல் பொறுக்கிச் சூளை வைப்பது அவர் மனைவி முத்துமாரியம்மாள் வேலை. அவள் கையிரண்டும் சுண்ணாம்பு பட்டு வெடித்து, நகம் வெளுத்து இருந்தன.

செவந்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து வெள்ளைத் துணுக்கைக் காட்டினாள்.

“இதா? பாசிக்கல்லு. இந்தா கெடக்கே” என்று முத்துமாரி கரையைக் கை காட்டினாள். கார்த்திகைப் புயல் தள்ளிவிட்டுப் போனது, அலை தொடும் வரிசையில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வரப்பாகக் குவிந்து கிடந்தது. “எந்தக் கட்டடத்துக்கு வேணும்?”

“கட்டடத்துக்கு இல்ல. கடலைக்கு.”

“என்னது?”

செவந்தி சொன்னாள். முத்துமாரி புருஷனின் வலது காதருகே போய் உரக்கத் திருப்பிச் சொன்னாள். “மண்ணுக்குப் போடுறதுக்காம்! கடலை வெளையுதாம்!” பிச்சை முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சிரிப்புப் பரவியது.

மலையாண்டி சூளையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “வெந்த சுண்ணாம்பாவே எடுத்துக்கிட்டா என்ன? கனமும் கொறையும். காரமும் கூட.”

“வேணாங்கய்யா” என்றாள் முத்துமாரி. “வெந்தது பச்சத்தண்ணி பட்டாலே கொதிக்கும். என் கையப் பாருங்க. வெதையோட சேத்துப் போட்டா வெதையும்ல வெந்துபோகும்.”

“எங்க கொல்லையில கெடந்ததும் வேகாத கல்லுதான்” என்றாள் செவந்தி. “அதயே குடுங்க.”

அன்றைக்கு ராத்திரி முத்துமாரி கணவாய் குழம்பு வைத்தாள். மூக்காயி முதலில் தயங்கி, பிறகு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

விடிந்ததும் பிச்சை வள்ளத்தைத் தள்ளினார். தூண்டில் போட்டுவைத்ததைப் பார்க்கப் போகிறவர், “கல்லு எங்கிருந்து வருதுன்னு பாக்குறீயா ஆத்தா? தண்ணி இன்னிக்குத் தெளிஞ்சு கெடக்கு” என்று கேட்டார். செவந்தி யோசிக்கவில்லை, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். தம்பி பெண்டாட்டியைத் தனியே அனுப்ப மனமில்லாமல் மலையாண்டியும் ஏறினார். மூக்காயி கரையிலேயே நின்று, “எனக்கு மண்ணு போதும் சாமி” என்றாள்.

மலையாண்டி வள்ளத்தின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். கால்மணி நேரம் கழித்துப் பிச்சை துடுப்பை நிறுத்தினார்.

“இப்ப எட்டிப் பாரு ஆத்தா. ஒன் நெழலு விழுகாம அங்கிட்டுச் சாஞ்சு பாரு.”

இரண்டு ஆள் ஆழம் இருக்கும். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. கீழே தரை வெள்ளையும் இல்லை, கருப்பும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு. பறித்த கடலையைக் களத்தில் பரப்பி, அதன்மேல் குங்குமத்தைத் தூவிவிட்ட மாதிரி. உருண்டை உருண்டையாக, முடிச்சு முடிச்சாக, ஒன்றோடொன்று சாய்ந்து கிடந்தன. நடுவே சின்ன இறால்கள் பின்பக்கமாகத் துள்ளின.

பிச்சை மூழ்கி எழுந்து ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். எலுமிச்சம்பழ அளவு. கல்லின் கனம், பூவின் நிறம்.

“கல்லும்பாக. கல்லு இல்ல இது. பாசி. உசிரு இருக்கு. தண்ணிக்குள்ள எறங்குற வெயிலத் தின்னு வளருது. மேலுகாலெல்லாம் சுண்ணாம்பாக் கட்டிக்கிருது. செத்தா வெளுத்துப்போகும். வெளுத்தத அல கரைக்குத் தள்ளும். அதத்தான் எங்க வீட்டுல பொறுக்குறா.”

“இத வாரி எடுத்தா கையோட வண்டி நெறஞ்சிருமே?” என்றார் மலையாண்டி. கண்ணை அப்போதுதான் திறந்திருந்தார்.

பிச்சைக்குக் கேட்கவில்லை. செவந்தி உரக்கச் சொன்னாள்.

“சூளைக்காரரு ஒருத்தரு இதத்தான் கேட்டாரு. இரும்புப் பல்லு வச்ச வாரியக் குடுத்து, வாரிக் குடுன்னாரு. முடியாதுன்னுட்டேன்.” பிச்சை வள்ளத்தின் அடியில் துழாவி ஒரு ஈயக்குண்டை எடுத்தார். தூண்டிலுக்குக் கட்டுவது. அதன்மேல் செம்மண் பூசினதுபோல ஒரு பொருக்குப் படிந்திருந்தது. “கயிறு அத்து இங்க விழுந்த குண்டு இது. எட்டு வருசம் கழிச்சு ஆப்புட்டுச்சு. எம்புட்டு வளந்திருக்கு பாத்தியா? ஒரு நெல்லு கனம். எட்டு வருசத்துக்கு ஒரு நெல்லு. இத வாரிட்டா எம் பேரன் காலத்துலயும் வராது. கணவாய் எங்க முட்டையிடும்? இறாலு எங்க பதுங்கும்? செத்தது ஒங்களுக்கு, இருக்குறது எங்களுக்கு. என்ன சொல்ற?”

செவந்தி கையிலிருந்ததைத் தண்ணீரில் விட்டாள். அது அவசரப்படாமல் இறங்கி, மற்றவற்றின் நடுவே போய் உட்கார்ந்தது.

கரைக்கு வந்ததும் வேலை தொடங்கியது. செவந்தி கூடையால் வெள்ளைக் கல்லை அள்ளினாள். மலையாண்டி சாக்கைப் பிடித்தார். மூக்காயி முத்துமாரியோடு கருவாட்டுப் பந்தலுக்குப் போயிருந்தாள். எட்டாவது சாக்கு பாதி நிறைந்தபோது மலையாண்டி பேசினார்.

“செவந்தி.”

அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே அதுதான் முதல் தடவை.

“அந்தக் கொல்லையில எங்கப்பா ஒரே ஒரு வருசந்தான் கடலை போட்டாரு. அப்ப எனக்கு வெவரம் தெரிஞ்ச வயசு. முச்சூடும் பொக்கு. அதுக்கப்பறம் அவரு வரகத் தவிர வேற எதயும் அங்க வெதைக்கல. ஆண்டி அப்பப் பால்குடிப் புள்ள. பெறகு வளந்து திருக்கோகர்ணத்துல எண்ணெய்ச் செக்குக்கு வேலைக்குப் போயிட்டான். அவனுக்கு இது எதுவும் தெரியாது.”

செவந்தி கூடையைக் கீழே வைக்கவில்லை.

“பாகம் பிரிக்கிறப்ப, மேட்டுக்கொல்லை அளவு கூடுதல், சின்னவன் எடுத்துக்கிறட்டும்னாக. எனக்குத் தெரியும், அது வெளையாத மண்ணுன்னு. வாயத் தொறக்கல. மூணு பொட்டப்புள்ளைய வச்சிருக்கேன்னு நெனச்சேன். அவன் ஒத்தப் புள்ளைக்காரன், எப்புடியும் பொழச்சுக்கிருவான்னு நெனச்சேன். அவன் கப்பலேறப் போறான்னு கேட்டதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல.”

அலை வந்து கல் வரப்பின் அடியைத் தொட்டு, சலசலவென்று இழுத்துக்கொண்டு போனது. செவந்திக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்று வருஷம் குனிந்த முதுகு அவளுடையது. எத்தனை ஆயிரம் பொக்கு. இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வரகையாவது விதைத்திருப்பார்கள். ஆனால் அவர் நின்ற கோலம், சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி, அடிவாங்கப் போகிற மாடு மாதிரி இருந்தது. கோபத்தை அவர்மேல் வீச அவளால் முடியவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்றீங்க?”

“நீ அவன்கிட்டச் சொல்லிரு ஆத்தா. என்னால முடியல.”

“நான் சொல்ல மாட்டேன்” என்றாள். “கல்லு சொமக்கச் சொல்லுங்க, சொமக்குறேன். இத நான் சொமக்க மாட்டேன். ஒங்க தம்பி. நீங்களே சொல்லுங்க.”

கூடையைச் சாக்கில் கவிழ்த்துவிட்டு அடுத்த கூடைக்குப் போனாள்.

திரும்பும் வழியில் மூக்காயி மட்டும்தான் பேசினாள். பாரம் அதிகம் என்று செவந்தி பாதி வழி நடந்தே வந்தாள்.

ஊரில் சிரித்தார்கள். கடல் கல்லைக் கொண்டுவந்து கடலைக்குப் போடுகிறாளாம், அடுத்தபடியாகக் கருவாட்டை விதைப்பாள் என்றார்கள். செவந்தி முதலில் உரலில் போட்டு இடித்துப் பார்த்தாள். இரண்டு நாளில் உலக்கைப் பூண் கழன்றது. அப்புறம் கதிரடிக்கும் கல் உருளையை மலையாண்டியே மாடு கட்டிக் கொண்டுவந்து, பாறைக்களத்தில் கல்லைப் பரப்பி மேலே ஓட்டினார். ஆண்டிச்சாமி ஓரத்தில் நின்று சிதறியதைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிக் கொடுத்தான். ஐந்து நாள் அந்த வேலை நடந்தது. ‘ஓ’ என்று மாட்டை நிறுத்துகிற சத்தமும் ‘ம்’ என்று ஓட்டுகிற சத்தமும் தவிர அண்ணன் தம்பிக்குள் வேறு பேச்சு இல்லை. மலையாண்டி சில சமயம் வாயைத் திறப்பார். செவந்தி நிமிர்ந்து பார்ப்பாள். அவர் மாட்டுக் கழுத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவார்.

ஒரு வண்டிக் கல் பாதிக் கொல்லைக்குத்தான் காணும். சித்திரை மழையில் கோடை உழவு ஓட்டி, கிழக்குப் பாதியில் வெள்ளை மாவைத் தூவி மறுபடி உழுதார்கள். மேற்குப் பாதி வெறும் மண்ணாகவே கிடந்தது. ஆடியில் விதைத்தார்கள். ஆவணியில் பூத்தது. இரண்டு பாதியும் ஒரே பச்சை, ஒரே பூ. புரட்டாசியில் கங்காணி வந்தார். ஆண்டிச்சாமி, “ஐப்பசி கழியட்டும்” என்றான். “கப்பல் ஒனக்காக நிக்காதப்பா” என்றார் கங்காணி. “நிக்க வேணாம்” என்றான் அவன். அதற்கு என்ன அர்த்தம் என்று செவந்தி கேட்கவில்லை. கேட்டால் ஒண்ணுமில்லை என்பான்.

ஈஸ்வர வருஷம் ஐப்பசி இருபதாம் தேதி, மழை விட்ட இரண்டாம் நாள், கிழக்குப் பாதியில் கை வைத்தார்கள்.

ஆண்டிச்சாமி முதல் செடியைப் பிடுங்கினான். உதறினான். காயை அழுத்தாமல் செவந்தியிடம் நீட்டினான். அவள் பெருவிரலை வைத்து அழுத்தினாள். விரல் நின்றது. அடுத்த காய், நின்றது. மூன்றாவது பொக்கு. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது நின்றன. அவள் அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பத்துக்கு ஏழு, எட்டு. அந்தப் பழைய மூலை அளவுக்கு இல்லை. ஆனால் மேற்குப் பாதியில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது பத்துக்கு இரண்டுகூடத் தேறவில்லை. கொல்லை நடுவில் கோடு கிழித்த மாதிரி இருந்தது.

“நெசந்தான் போலருக்கே புள்ள” என்றான் ஆண்டிச்சாமி. மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

மலையாண்டி வண்டிப்பாதையில் வந்து நின்றபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வரப்பைத் தாண்டாமல் நின்றார்.

செவந்தி ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டினாள். அவர் தலையாட்டினார். பார்வை தம்பிமேல் இருந்தது.

“ஆண்டி” என்றார். “ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. நாலு வருசமாச் சொல்லாம வச்சிருக்கேன். இந்தக் கொல்லையில...”

“தெரியும்ணே.”

ஆண்டிச்சாமி மகளைக் கீழே இறக்கிவிட்டான். “அப்பா இங்க கடலை போட்டதும், பொக்காப் போனதும், பெறகு வரகு வெதச்சதும் எல்லாந் தெரியும். பாகம் பிரிச்ச மறாநாளே தேரடியில நாலு பேரு வந்து சொன்னாக. ஒங்க அண்ணன் தெரிஞ்சேதான் ஒன் தலையில கட்டுனாருன்னு.”

செவந்தி கையில் இருந்த கொத்து அப்படியே நின்றது. நாலு வருஷ ஒண்ணுமில்லை இதுதானா?

“தெரிஞ்சுமா என்னைய ஒரு வார்த்த கேக்கல?” என்றார் மலையாண்டி.

“கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிருவீங்க. ஒங்களுக்குப் பொய் வராது. ஆமான்னு சொல்லிட்டா, அப்பறம் எனக்கு அண்ணன்னு யாரு இருக்கா? கேக்காம இருக்குற வரைக்கும் அது ஊருப்பேச்சுதானேன்னு இருந்தேன். ஒங்க மொகத்தப் பாத்தா கேட்டுப்புடுவேன்னுதான் ஒதுங்கி ஒதுங்கிப் போனேன். முடியாமத்தான் கப்பலுக்குப் போவம்னு நெனச்சேன்.”

அவன் வாழ்நாளில் அவ்வளவு நீளமாகப் பேசிச் செவந்தி கேட்டதில்லை. மலையாண்டி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பாதையில் தலைச்சுமையோடு போன ஒருத்தி நின்று பார்த்துவிட்டு நடையைக் கட்டினாள்.

ஆண்டிச்சாமி அவர் அழுது முடிக்கிறவரை காத்திருந்தான். கிட்டே போகவில்லை. போகவும் அவனுக்குத் தெரியாது. பிறகு சொன்னான்:

“மேக்குப் பாதி மிச்சங் கெடக்கு. தையில இன்னொரு நடை கடக்கரைக்குப் போகணும். இந்தத் தடவ நானும் வாரேன். நீங்க வள்ளத்துல கண்ண மூடிக்கிட்டு இருந்தீங்களாமே?”

“யாரு சொன்னா?”

“அண்ணிதான் ஊரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுறாக.”

மலையாண்டிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து இருமலாகப் போயிற்று. “இவ வந்துதான் எல்லாத்தயும் பாத்தா” என்று செவந்தியைக் காட்டினார். “அந்தப் பாசியக் கையில வாங்கிட்டுத் திருப்பித் தண்ணியிலயே விட்டா. நானா இருந்தா மடியில கட்டிக்கிட்டு வந்திருப்பேன்.”

“மூணு பேரும் நின்னு பேசுனா எப்ப முடியும்?” என்றாள் செவந்தி. “இன்னிக்கு ராத்திரி மழை வந்துச்சுன்னா அம்புட்டும் மொளைச்சுப்போகும்.”

மலையாண்டி வரப்பைத் தாண்டினார். துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தம்பிக்குப் பக்கத்து வரிசையில் குனிந்து முதல் செடியை இழுத்தார்.